9 பைசாவுக்கு எவரும் வாங்காத பங்கு

இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பங்கு விலையை 1993 வரை பின்னோக்கிக் கொண்டுசெல்லும் அட்டவணை எதையேனும் இன்று திறந்து பாருங்கள். பொது வெளியீட்டு விலைக்கு நேரே ஏறத்தாழ 9 பைசா என்றிருக்கும். சந்தையில் முதன்முதலாகக் கைமாறிய விலைக்கு நேரே 14 பைசா என்றிருக்கும். அந்த விலையில் அந்தப் பங்கை விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. 1993 பிப்ரவரியில் அந்நிறுவனம் தன் பங்கைப் பொதுமக்களுக்கு 95 ரூபாய்க்கு வழங்கியது. ஜூன் மாதம் சந்தையில் வணிகம் தொடங்கியபோது விலை 145 ரூபாய். 95 ரூபாய் எவ்வாறு 9 பைசாவாயிற்று, அந்த மாற்றம் எந்தக் கேள்விக்கு உதவும், எந்தக் கேள்வியைக் கெடுக்கும் என்பதே இந்தப் பதிவின் பொருள். பதிவு நீளமானது. பொருளியல் வரலாற்றுத் துறைக்கு வெளியே இருந்துகொண்டு விலைத் தரவுகளைக் கையாளும் என்னைப் போன்றோர் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

என் பயிற்சி மொழியியலில். முனைவர் பட்ட ஆய்வு 1990களின் வணிகச் செய்தி மொழி குறித்தது. பங்குச் சந்தைச் செய்திகளில் விலை எகிறும், துவளும், நிதானிக்கும், சரியும். விலைக்கு உடலையும் மனநிலையையும் தரும் இவ்வினைச்சொற்களைத் தொகுத்து, அவை எழுதப்பட்ட நாளில் விலை உண்மையில் எவ்வளவு மாறியது என்று ஒப்பிடுவது ஆய்வேட்டின் ஓர் இயல். வினைச்சொற்களைச் செய்தித்தாள்களிலிருந்து எடுத்தேன். விலைகளை மட்டும், வேலை விரைவில் முடியும் என்று, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஓர் அட்டவணையிலிருந்து இறக்கிக்கொண்டேன். கிடைத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அப்போதே ஐயம் வந்திருக்க வேண்டும். நிருபர் 'எகிறியது' என்று எழுதிய பல நாள்களில் அட்டவணையில் விலை அசையவே இல்லை. 'நிதானமாக இருந்தது' என்று எழுதிய சில நாள்களிலோ விலை 5 விழுக்காடு தாவியிருந்தது. இவர்கள் விலையைப் பார்த்து எழுதவில்லை, பழகிய சொற்றொடர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பத்தியை நிரப்பினார்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். சற்று ஏளனத்தோடுதான் எழுதினேன்.

வரைவைப் படித்த நெறியாளர் பக்க ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியைக் குறித்திருந்தார்: "அன்றைய தாளில் அச்சான விலையைப் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை. வினைச்சொல்லை எடுத்த அதே தாளின் அதே பக்கத்தில், நான்கு அங்குலம் கீழே, பொடி எழுத்தில் விலைப்பட்டியல் இருந்தது. அதை ஒருமுறையும் வாசித்ததில்லை.

பங்கு என்பது நிறுவன உடைமையின் ஒரு துண்டு. துண்டின் அளவு காலப்போக்கில் மாறும். நிறுவனம் தன் இருப்பிலுள்ள இலாபத்தை மூலதனமாக்கி, வைத்திருப்போருக்கு விலையின்றி வழங்கும் கூடுதல் பங்கு போனஸ் பங்கு. 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை 5 ரூபாய் முகமதிப்புள்ள இரண்டாக உடைப்பது பங்குப் பிரிப்பு. இரண்டிலும் துண்டுகள் பெருகுகின்றன, முழுமை பெருகுவதில்லை. இன்ஃபோசிஸ் 1994, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று என்று போனஸ் வழங்கியது. 2000இல் பங்கைப் பிரித்தது. 2004இல் ஒன்றுக்கு மூன்று போனஸ் வழங்கியது. 2006, 2014, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் ஒன்றுக்கு ஒன்று. வரிசையாகப் பெருக்கினால் 1993இன் ஒரு பங்கு 2018 இறுதியில் 1,024 பங்குகள். 95 ரூபாயை 1,024ஆல் வகுத்தால் 9.28 பைசா. 145 ரூபாயை வகுத்தால் 14.16 பைசா. அட்டவணையின் 9 பைசா இப்படிப் பிறந்தது. இன்றைய துண்டின் அளவுக்கு அன்றைய விலையைச் சுருக்கிக் காட்டும் இதனைச் சரிசெய்யப்பட்ட விலை என்பர்.

இந்தச் சுருக்கம் தேவையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் 2004 ஜூலை முதல் வாரத்தின் பட்டியலைப் பார்க்கும் வருங்கால ஆய்வாளர் திகைத்துப் போவார். அன்று அச்சில் இன்ஃபோசிஸ் விலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். பெருஞ்சரிவு ஏதோ நேர்ந்தது என்று அவர் காரணம் தேடப் புறப்படலாம். அந்த ஆண்டு மே மாதத் தேர்தல் முடிவை ஒட்டி வந்த உண்மையான சரிவோடு சேர்த்து ஒரு கோட்பாட்டையே கட்டிவிடலாம். நிகழ்ந்தது இதுதான்: ஒரு பங்கு வைத்திருந்தவர் கையில் நான்கு பங்கு வந்தது, ஒவ்வொன்றின் விலையும் கால் பங்காயிற்று. எவருக்கும் ஒரு ரூபாய் இழப்பில்லை. ஆண்டுகளைக் கடந்த வளர்ச்சியை அளக்க விரும்புவோர்க்குச் சரிசெய்யப்பட்ட விலையைத் தவிர வேறு வழியில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நான் பயன்படுத்திய அட்டவணை விலைகளை இரண்டு தசம இடங்களோடு நிறுத்திவிட்டது. 1,500 ரூபாய்க்கு விற்கும் பங்குக்கு இரண்டு தசமம் தாராளமாகப் போதும். 1993இன் விலைக்கு அது போதவே போதாது, ஏனெனில் அந்த அட்டவணையின் 1 பைசா அன்றைய சந்தையின் 10 ரூபாய் 24 பைசாவுக்குச் சமம். அன்று பங்கு 200 ரூபாயில் இருந்ததாகக் கொள்வோம். 1,024ஆல் வகுத்து முழுமையாக்கினால் 20 பைசா. விலை 209 ரூபாய்க்கு ஏறுகிறது; நாலரை விழுக்காடு ஏற்றம், எந்த நிருபரும் 'எகிறியது' என்றுதான் எழுதுவார். அட்டவணையில் இன்னும் 20 பைசாவே. மறுநாள் 209 ரூபாய் 210 ஆகிறது. அரை விழுக்காடுகூட இல்லை, 'நிதானம்' என்பதே பொருத்தமான சொல். அட்டவணையிலோ 20 பைசா 21 பைசாவாகி, 5 விழுக்காடு தாவல் தெரிகிறது. நான் ஏளனம் செய்த நிருபர்கள் கண்முன் இருந்ததை எழுதியிருந்தார்கள். அந்த ஏற்றத்தை விழுங்கியதும் தாவலைப் புனைந்ததும் தசமப் புள்ளிக்குப் பின்னே வெட்டுண்டுபோன இலக்கங்கள்.

என் இயலில் இரண்டு பக்கம்தான் வீணாயிற்று. ஆனால் இதே தரவில் நாள்தோறும் விலை எவ்வளவு அலைகிறது என்று கணக்கிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தியச் சந்தை நெடுநேரம் உறங்கித் திடீரென விழித்துக்கொள்ளும் இயல்புடையது என்று எவரேனும் முடிவு கட்டினால், அதை மறுப்பதற்கு அந்த அட்டவணைக்குள் எந்தச் சான்றும் கிடைக்காது. ஒரு வரியின் பிழை துருத்திக்கொண்டு தெரிந்துவிடும். அட்டவணை முழுவதும் ஒரே சீராகப் பரவிய பிழை சந்தையின் குணம் போலவே தோற்றமளிக்கும்.

மொழியியல் மாணவர்க்கு இந்த நிலைமை புதிதன்று. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி, குடகு மொழியில் கெவி, துளுவில் கெபி. இவற்றை ஒப்பிட்டு, மூலத் திராவிடத்தில் இச்சொல் ககரத்தில் தொடங்கியிருக்க வேண்டும், தமிழில் அது சகரமாக மாறியது என்று அறிஞர்கள் நிறுவினர். மூல வடிவத்தை எழுதும்போது அதன் முன்னே ஓர் உடுக்குறி இடுவர்: *கெவி. மூலத் திராவிடத்தில் ஓர் ஏடோ கல்வெட்டோ கிடைத்ததில்லை. பின்னாளில் கிடைத்த சான்றுகளிலிருந்து விதிப்படி பின்னோக்கிக் கணித்துப் பெற்றது இவ்வடிவம் என்பதே அக்குறியின் பொருள். மீட்டுருவாக்கம் பொய்யன்று. அது இல்லாமல் வரலாற்று மொழியியலே இல்லை. ஆனால் உடுக்குறியை அழித்துவிட்டு அதைக் கல்வெட்டுச் சான்றுபோல் ஒருவர் மேற்கோள் காட்டினால் முதலாண்டு மாணவர்கூடத் திருத்துவார். 95 ரூபாய் சான்றுடைய வடிவம். 9 பைசா மீட்டுருவாக்கம். விலைத் தரவுத்தளங்கள் இரண்டையும் ஒரே எழுத்துருவில், ஒரே தலைப்பின் கீழ், உடுக்குறி இல்லாமல் தருகின்றன.

ஒரு வேறுபாடும் உண்டு. மூலத் திராவிட வடிவம் புதிய சான்றோ புதிய வாதமோ வந்தால்தான் மாறும். சரிசெய்யப்பட்ட விலை, நிறுவனம் அடுத்த போனஸை அறிவித்தவுடன் மாறிவிடும். 2013இல் ஒருவர் இந்த வெளியீட்டு விலையைச் சரிசெய்யப்பட்ட நிலையில் பார்த்திருந்தால் அது 74 பைசா. 2016இல் பார்த்தவருக்கு 19 பைசா. 2019இல் 9 பைசா. மூவரும் பிழை செய்யவில்லை. 1993 பிப்ரவரியில் நிகழ்ந்த ஒரே நிகழ்வு, 2014க்கும் 2018க்கும் இடையே மூன்று முறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஈவுத்தொகையையும் கழித்துச் சரிசெய்யும் தரவுத்தளமானால் ஒவ்வோர் ஈவுத்தொகைக்குப் பின்னும் பழைய விலைகள் முழுவதும் சற்றே நகர்ந்துகொண்டிருக்கும். ஆய்வேட்டில் இத்தகைய எண்ணைக் குறிப்பிடுவோர் விலையின் தேதியோடு, அதைப் பதிவிறக்கிய தேதியையும் குறிப்பிட வேண்டியது இதனால்தான். அத்தேதி இல்லாத மேற்கோளைப் பின்னால் வருபவர் சரிபார்க்கவே முடியாது.

பெயரும் நிலையாக இருப்பதில்லை. இதே நிறுவனம் 2011 வரை இன்ஃபோசிஸ் டெக்னாலஜிஸ். டெல்கோ டாடா மோட்டார்ஸ் ஆயிற்று, டிஸ்கோ டாடா ஸ்டீல் ஆயிற்று. பழைய தாளில் இன்றைய பெயரைத் தேடி, 'தரவு இல்லை' என்று குறித்துக்கொண்டு நகர்ந்த மாணவரை எனக்குத் தெரியும். அந்த மாணவர் நானல்லன் என்று சொல்ல ஆசைதான்.

எந்த விலையைக் கையாள்வது என்பது கேள்வியைப் பொறுத்தது. ஒருவர் இருபது ஆண்டு வைத்திருந்தால் முதல் எத்தனை மடங்காயிருக்கும் என்பது கேள்வியானால் சரிசெய்யப்பட்ட விலை, அதோடு ஈவுத்தொகை. அன்று ஒரு நடுத்தரக் குடும்பத்தால் இந்தப் பங்கை வாங்க முடிந்திருக்குமா, வாசகர் காலையில் தாளைப் பிரித்தபோது என்ன எண்ணைக் கண்டார், நிருபர் எதைக் கண்டு அந்த வினைச்சொல்லைத் தேர்ந்தார் என்பன கேள்விகளானால் அச்சான விலையைத் தவிர வேறெதுவும் செல்லாது. அன்றைய சந்தை மதிப்பைக் கணக்கிடுவோர் அச்சான விலையை அன்றிருந்த பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். சரிசெய்யப்பட்ட விலையை அன்றைய எண்ணிக்கையால் பெருக்கினால் 1993இன் இன்ஃபோசிஸ், இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இந்தப் பிழையை மாணவர் கட்டுரைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கண்டிருக்கிறேன்.

அச்சான விலையும் தன்னளவில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 95 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். முகமதிப்பு 10 ரூபாய். எஞ்சிய 85 ரூபாய் பிரீமியம். ஓராண்டுக்கு முன்பு இந்த வெளியீடு வந்திருந்தால் அந்த விலையை நிறுவனம் தானே வைத்திருக்க முடியாது. 1947ஆம் ஆண்டின் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, புதிய பங்கை என்ன விலைக்கு வெளியிடலாம் என்பதற்கு அரசின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 1992 மே மாதம் அந்த முறை ஒழிந்தது. ஆகவே 1992க்கு முந்தைய வெளியீட்டு விலை ஓர் அலுவலக ஆணை. அதற்குப் பிந்தையது நிறுவனமும் வணிக வங்கியரும் சந்தையிடம் முன்வைத்த ஒரு கோரிக்கை. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் அடுக்கிச் சராசரி எடுப்பது, அரசாணையையும் காய்கறிக் கடைப் பேரத்தையும் ஒரே உரைவகையாகக் கொண்டு பகுப்பாய்வு செய்வதற்கு நிகர். இன்ஃபோசிஸ் முன்வைத்த கோரிக்கை உடனே ஏற்கப்படவும் இல்லை. வெளியீட்டுக்குப் போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. மார்கன் ஸ்டான்லி 13 விழுக்காட்டுப் பங்கை அதே 95 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டதால்தான் வெளியீடு பிழைத்தது. 9 பைசா என்று காட்டும் வரைபடத்தில், 95 ரூபாய் அதிகம் என்று அன்று பலர் நினைத்த தயக்கத்துக்கு இடமே இல்லை.

அந்தத் தயக்கம் அழிந்த இடத்தில்தான் நாம் எல்லோரும் வாட்ஸ்அப்பில் பெற்றிருக்கும் அந்தச் செய்தி முளைக்கிறது: 1993இல் 9,500 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கியிருந்தால் இன்று நீங்கள் கோடீஸ்வரர். கணக்கு சரிதான். 100 பங்கு 1,02,400 ஆகியிருக்கும். ஒன்று 1,500 ரூபாய் என்று வைத்தால் 15 கோடியே 36 இலட்சம். அக்காலச் சந்தையின் நடைமுறையை அந்தச் செய்தி சொல்வதில்லை. பங்குகள் அப்போது காகிதச் சான்றிதழ்கள். அவை குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள தொகுதிகளாகவே கைமாறின. தொகுதிக்குக் குறைந்த சில்லறைப் பங்குகளை விற்கப் போனால் பட்டியலில் அச்சான விலை கிடைக்காது, தள்ளுபடிதான் கிடைக்கும். கையொப்பம் பொருந்தவில்லை என்று சான்றிதழ் திரும்பி வரும். மும்பைச் சந்தையே 1995 வரை தரகர்கள் கூவி வணிகம் செய்த கூடம். சென்னை, கோவை, பெங்களூர் உட்பட நாடெங்கும் இருந்த சந்தைகளில் ஒரே பங்கு ஒரே நாளில் வெவ்வேறு விலைக்குப் போனது. 'அன்றைய விலை' என்று ஒருமையில் நாம் சொல்வது எந்த ஊரின் விலை என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

போனஸும் பிரிப்பும் குறைந்தபட்சம் வெறும் வகுத்தல் கணக்கு. ஒரு நிறுவனம் தன்னில் ஒரு பகுதியைப் பிரித்துத் தனி நிறுவனமாக்கும்போது வகுத்தலும் கைகொடுக்காது, ஏனெனில் பிரிந்துபோன பகுதியின் மதிப்பு அன்றுவரை எங்கும் எழுதப்பட்டிருக்காது. 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸ் நிறுவனத்திலிருந்து ஜியோ ஃபைனான்சியல் பிரிந்தபோது, அதன் விலையைக் கண்டறியவே காலையில் ஒரு சிறப்பு அமர்வு நடந்தது. முந்தைய நாள் தேசியப் பங்குச் சந்தையில் ரிலையன்ஸின் முடிவு விலை 2,841 ரூபாய் 85 பைசா. அமர்வில் அது 2,580 ரூபாயில் நின்றது. வேறுபாடான 261 ரூபாய் 85 பைசா பிரிந்த நிறுவனத்தின் விலையாகக் கொள்ளப்பட்டது. அந்த அமர்வு வேறு எண்ணில் முடிந்திருந்தால், ரிலையன்ஸின் சரிசெய்யப்பட்ட பழைய விலைகள் அனைத்தும் வேறாக இருந்திருக்கும்.

இத்தனை ஐயங்களும் தொண்ணூறுகளுக்கே என்றால், அச்சான பட்டியல் மட்டுமே எஞ்சிய பழங்காலத்தில் என்ன செய்வது? இந்தியப் பங்கு வரலாறு பேசும் எந்த நூலும் தவிர்க்க முடியாத 1865ஆம் ஆண்டின் பம்பாயைப் பார்க்கலாம். 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வரவில்லை. இந்தியப் பருத்தியின் விலை பன்மடங்கு ஏறியது. பம்பாயில் குவிந்த பணம் புதிய வங்கிகளிலும் கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களிலும் பாய்ந்தது. பிரேம்சந்த் ராய்ச்சந்த் இக்காலத்தின் நாயகர். பேக்பே நிலமீட்பு நிறுவனத்தின் 5,000 ரூபாய் செலுத்தப்பட்ட பங்கு 50,000 ரூபாய் அளவைத் தொட்டது. பம்பாய் வங்கியின் பங்கு 2,850 ரூபாய்க்கு ஏறியது. 1865 ஏப்ரலில் போர் முடிந்தது. பின்னர் பேக்பே பங்கு 2,000 ரூபாய்க்கும் கீழே, வங்கியின் பங்கு 87 ரூபாய்க்கு. தின்ஷா வாச்சா 1910இல் எழுதிய நூலின் வழியே இந்தக் கதை நிலைபெற்றது.

இந்த எண்கள் மீண்டும் மீண்டும் மேற்கோள் காட்டப்படுகின்றன. சரிசெய்யப்படாதவை, எனவே தூய சான்று என்றே நானும் நினைத்திருந்தேன். ஆனால் உச்ச விலை என்று சொல்லப்படும் 50,000 என்ன வகைக் கூற்று? அக்காலத்தில் பெருமளவு வணிகம் தவணை ஒப்பந்தமாக நடந்தது. இன்று விலை பேசிப் பின்னொரு நாளில் பங்கைப் பெற்றுப் பணம் கொடுப்பதாக வாக்களிப்பர். அவ்வாறு குவிந்த ஒப்பந்தங்கள் முதிர வேண்டிய நாள் 1865 ஜூலை 1. அந்த நாள் வந்தபோது கொடுக்கப் பணமில்லை. நகரின் பெரும் வணிகர்கள் நொடித்தனர். ஆகவே உச்ச விலைகளில் ஒரு பகுதி, சொல்லப்பட்டுச் செலுத்தப்படாத விலை. மொழியியலில் வாக்களித்தல் ஒரு செயல், விவரித்தல் மற்றொரு செயல். பட்டியல் இரண்டையும் ஒரே எண்ணாக எழுதுகிறது. போதாததற்குப் பங்குகள் பல முழுமையாகச் செலுத்தப்படாதவை. அடுத்த தவணையைச் செலுத்தியதும் அதே பங்கு வேறு பொருளாகிவிடும். சில பட்டியல்கள் செலுத்திய தொகைக்கு மேலான பிரீமியத்தை மட்டும் குறித்தன. செலுத்திய தொகையை அறியாமல் அந்த நெடுவரிசையை வாசிப்பவர், வேர்ச்சொல்லை விட்டு விகுதியை மட்டும் வாசிக்கிறார்.

இழப்பின் அளவும் யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே மாறுகிறது. பேக்பே பங்கை உச்சத்தில் வாங்கியவருக்கு 96 விழுக்காட்டுக்கும் மேல் போயிற்று. தொடக்கத்தில் 5,000 ரூபாய் செலுத்தி ஒதுக்கீடு பெற்றவருக்குப் போனது 60 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இடையில் விற்றுவிட்டு ஒதுங்கியவர் இலாபத்தோடு வீடு போனார். நூல்கள் முதலாமவரின் கதையையே சொல்கின்றன, அதுவே உரக்க ஒலிப்பதால்.

அந்த ஆண்டுகளில் தோன்றிய வங்கிகளிலும் நிதிக் கழகங்களிலும் பெரும்பாலானவை மறைந்தன. பம்பாய்த் தரகர்களின் சங்கம் 1875இல் உருவானபோது அவை நினைவாக மட்டுமே இருந்தன. இன்றைய எந்தத் தரவுத்தளத்திலும் அவற்றுக்கு வரிசை கிடையாது. இறந்தவற்றை விட்டுவிட்டுப் பிழைத்தவற்றின் விலைகளை மட்டும் நீளமாக வரைந்தால் பங்குச் சந்தை எப்போதும் மேலேறும் ஒரு படிக்கட்டாகத் தெரியும்.

இந்தக் குறை நம் காலத்துக் குறியீட்டெண்ணிலும் உண்டு. சென்செக்ஸின் அடிப்படை ஆண்டு 1978-79, அடிப்படை எண் 100. ஆனால் அது முதன்முதலாக வெளியிடப்பட்டது 1986 ஜனவரி 2 அன்று. ஆக 1979 முதல் 1985 வரையான சென்செக்ஸ் எண்கள் யாவும் பின்னோக்கிக் கணிக்கப்பட்டவை. 1982இல் எந்த வானொலிச் செய்தியும் சென்செக்ஸ் ஏறியதாகச் சொல்லியிருக்க முடியாது. 1986இல் முக்கியமானவையாக நின்ற 30 நிறுவனங்களைத் தேர்ந்து, அவற்றின் கடந்த காலத்தையே சந்தையின் கடந்த காலமாக எழுதினார்கள். அந்தப் பட்டியலில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் இருந்தன என்பதை இன்று வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். தேய்ந்தவை நீக்கப்பட்டன, வளர்ந்தவை சேர்க்கப்பட்டன, குறியீட்டெண் மட்டும் ஒரே கோடாக நீள்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் சந்தை 'உணர்ந்தது' என்ன என்று அந்த ஏழாண்டு எண்களைக் கொண்டு எழுதும் கட்டுரைகளைக் காணும்போது, மூலத் திராவிடத்தில் இயற்றப்பட்ட கவிதையை மேற்கோள் காட்டுபவரைக் காண்பதுபோல் இருக்கிறது.

என் இயலுக்குத் திரும்புகிறேன். அந்த இரண்டு பக்கத்தை நீக்கிவிட்டேன். இப்போது அட்டவணையில் மூன்று நெடுவரிசைகள்: தாளில் அச்சான விலை, அன்றைய முகமதிப்பு, அன்றிலிருந்து 2018 வரையான பெருக்கெண். நான்காவதாகச் சரிசெய்யப்பட்ட விலையை ஆறு தசம இடங்களோடு நானே கணக்கிட்டு எழுதி, அதன் முன்னே உடுக்குறி இட்டிருக்கிறேன். மொழியியல் ஆய்வேட்டில் ரூபாய்க்கு உடுக்குறியா என்று நெறியாளர் சிரித்தார், நீக்கச் சொல்லவில்லை.

நூலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கும் பழைய தாள்களில் 1993 ஜூன் முதல் ஒவ்வொரு நாளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1994இன் போனஸ் வரை வந்தாயிற்று. இதுவரை எண்ணியதில் நிருபர்களின் சொற்கள் விலையோடு பெரும்பாலும் பொருந்துகின்றன. 'நிதானம்' என்ற சொல் மட்டும் சிறு இறக்கத்தை மறைக்கப் பயன்பட்டிருக்கிறதோ என்று ஓர் ஐயம், இன்னும் போதிய எடுத்துக்காட்டுகள் சேரவில்லை. சில மாதங்களின் தாள்களில் விலைப்பட்டியல் பக்கமே கிழிந்து போயிருக்கிறது. 1994 முதல் 1997 வரையான பெங்களூர் அல்லது சென்னைச் சந்தையின் அச்சான தினசரி விலைப்பட்டியல் எந்த நூலகத்தில் முழுமையாக இருக்கிறது என்று அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையேன்.